ஹவாய்க்குப் போய் வந்த அடம்பங்கொடி

தகரக் கூரையில் புன்னைக்காய் விழுகிற சத்தம்தான் என்னை இந்தத் தொழிலுக்குள் தள்ளியது. கல்லூரியில் எங்கள் தாவரவியல் ஆய்வுக்கூடம் ஒரு தகரக் கொட்டகை. அதன்மேல் ஒரு புன்னை கவிந்திருக்கும். காய் விழும்போது முதலில் ‘டங்’ என்று ஒன்று. பிறகு சரிவில் உருளும் நீண்ட கரகரப்பு. விளிம்பில் ஒரு கணம் ஒன்றுமில்லை. அதன்பின் கீழே மணலில், காதுக்கு எட்டியும் எட்டாமலும், ஒரு ‘பொத்’. நடுவில் வருகிற அந்த ஒன்றுமில்லைக்காக நான் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டு காத்திருப்பேன். என்னோடு படித்தவர்கள் வங்கிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்குப் போனார்கள். நான் திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையோரம், பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே, புன்னையும் பூவரசும் விராலியும் கன்றுபோட்டு விற்கிறேன்.

நாட்டுச் செடி விற்பதைப் போல மனிதர்கள்மேல் வெறுப்பை வளர்க்கிற தொழில் வேறு இருக்கிறதா, தெரியவில்லை. உங்களில் யாராவது இதே தொழிலில் இருந்தால், கீழே இருப்பதில் பாதியை நீங்களே சொல்லி முடித்துவிடுவீர்கள். மீதிப் பாதிக்காகத்தான் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். கிழவிக்குக் கோபம் வருகிறது பார் என்று யாரும் சிரித்துக்கொண்டே கடந்துபோக வேண்டாம்.

சாகாத செடி

வளவனூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். நெல்லும் கரும்பும் வைக்கிற குடும்பம். புதிதாக வீடு கட்டியிருந்தார்கள். வாசலுக்கும் வேலிக்கும் செடி வேண்டும். வேலிக்கு விராலி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பூவரசு என்று நான் சொல்லச் சொல்ல, அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பூவரசு எங்கள் வாய்க்கால் கரையில் சும்மா கிடக்கிறது, அதை வாங்கவா கார் எடுத்துக்கொண்டு வந்தோம் என்று கணவரிடம் சொன்னார். அவர் தரையைப் பார்த்தார். பக்கத்து நர்சரியில், ரத்தச் சிவப்பு இலையோடு ஏதோ ஒரு தேசத்துச் செடியை வரிசையாக வாங்கி, டிக்கியில் குழந்தையைப் படுக்கவைப்பது போலப் படுக்கவைத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த கோடையில் அந்த அம்மாள் மட்டும் வந்தார். கையில் காய்ந்துபோன குச்சி ஒன்று. வாங்கிய கடையில் கேட்டால் உங்கள் தண்ணீர் சரியில்லை என்கிறார்களாம், நான் படித்தவளாம், பார்த்துச் சொல்ல வேண்டுமாம். குச்சியைக் கையில் வாங்காமலே, போன வருஷம் நான் சொன்ன விராலியை வைத்திருந்தால் இந்நேரம் இடுப்புயரம் வந்திருக்கும் என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

“அது சாவாதுன்னு எனக்கும் தெரியும்மா. சாவாத செடிய எவ காசு குடுத்து வாங்குவா?”

துபாய் மரம்

சில வருஷங்களாக, வருகிறவர்கள் எல்லாம் துபாய் மரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். நெட்டுக்குத்தலாக, மதில் மாதிரி, இலை உதிராமல், குருவி உட்காராமல் வளருமே, அதுதான். வளைகுடா நாட்டு ரோட்டோரமெல்லாம் அதுதான் என்று யாரோ சொல்லி, விழுப்புரத்தில் கல்யாண மண்டபம் தவறாமல் முளைத்துவிட்டது. இல்லை என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. இல்லை என்றால் பரிதாபமாகப் பார்ப்பார்கள், என்னிடம் வசதியில்லை என்று நினைத்துக்கொண்டு.

கோட்டக்குப்பத்திலிருந்து காதர் பாய் வந்தபோதும் அதையே கேட்பார் என்று நினைத்தேன். வாலிப வயதில் சவுதிக்குப் போய், தாடி நரைத்தபின் திரும்பியவர். முந்திக்கொண்டு, துபாய் மரம் இங்கே கிடையாது என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பந்தலுக்குள் நுழைந்து, ஒவ்வொரு கன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே பேசினார்.

“அந்த மரத்தப் பாத்துக்கினேதாம்மா ஊர நெனச்சி அழுதேன். ஊருக்கு வந்தும் அதையே பாக்கணுமா? இங்கத்து மரமா ஒண்ணு குடுங்க. அது நெழல்ல ஒக்காந்தா, வந்து சேந்துட்டேன்னு எனக்குத் தெரியணும்.”

புன்னை கொடுத்தேன். இந்தத் தொழிலில் எனக்குக் கோபம் வராத நாள் அது ஒன்றுதான். அதனால் இங்கே சேர்த்திருக்கிறேன்.

புட்டியில் வந்த உறவு

என் முழங்கால் வலி ஊருக்கே தெரியும். அதைக் கேள்விப்பட்டு ஒருவர், டை கட்டிக்கொண்டு, வழவழப்பான பையோடு வந்தார். பைக்குள் ஒரு புட்டி. புட்டிக்குள் கறுப்பாக ஒரு சாறு. ஹவாய்த் தீவில் காலங்காலமாகக் குடிக்கிறார்களாம். நான் குடிக்கத் தொடங்கி, நாலு பேரைச் சேர்த்துவிட்டால், வலியும் போகும், வருமானமும் வருமாம். வாசலில் நிற்கிற நுணா மரத்தில் சாய்ந்துகொண்டுதான் இத்தனையும் சொன்னார்.

புட்டியில் இருப்பதும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதும் ஒன்றுவிட்ட உறவு, ஒரே குடும்பம் என்றேன். அவர் திரும்பி மரத்தைப் பார்த்தார். காக்கை கொத்திப்போட்ட பழம் ஒன்று காலடியில் நசுங்கிக் கிடந்தது. சட்டையில் ஒட்டியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்று, மறுபடியும் ஹவாயிலிருந்து ஆரம்பித்தார். என்னோடு வெகுகாலமாக நாற்றங்காலில் வேலை செய்கிற பச்சையம்மா, மண் கலந்துகொண்டிருந்தவள், தலை நிமிராமலே சொன்னாள்.

“அந்த மரத்துல தெனம் காக்கா வந்து பழம் துன்னுட்டுப் போவுதுய்யா. அதுக்கு முட்டி வலியே கெடையாது. அதயும் சேத்துக்குங்க உங்க நாலு பேருல.”

படத்தில் பூத்த கடற்கரை

ஹவாய் அதோடு என்னை விடவில்லை. விழுப்புரத்தில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருக்கிற மணிவண்ணன் வந்தார். மகள் அமெரிக்காவில். மகளைப் பார்க்கப் போனவர் மனைவியோடு ஹவாய்த் தீவையும் சுற்றிவிட்டு வந்திருந்தார். பொம்மையார்பாளையத்தில் கடலைப் பார்த்து ஒரு கெஸ்ட் ஹவுஸ் கட்டிக்கொண்டிருந்தார். ஹவாயில் பார்த்த செடிகளேதான் அந்த கெஸ்ட் ஹவுஸுக்கு வேண்டும். போனில் படங்களைக் காட்டினார். முதல் படத்தில் ஒரு கடற்கரை முழுக்க ஊதாப் பூ. இரண்டாவதில் அவர் மனைவி, கழுத்தில் ஒரு மாலையோடு. மாலையில் பூ இல்லை, சிவந்து காய்ந்த சிறகுக் காய்கள். மூன்றாவதில் ஒரு மரக் கிண்ணம், பக்கத்தில் அந்த மரத்தின் கிளை, மஞ்சள் பூவோடு.

எனக்கு நெஞ்சு பொங்கிவிட்டது. முதல் படத்தில் அடம்பங்கொடி. இரண்டாவதில் விராலிக்காய். மூன்றாவதில் பூவரசு. எத்தனையோ கடல் தாண்டி ஒரு ஜனம், நாம் காலால் எத்துகிற கொடியைக் கரையில் இருக்கவிட்டு, நாம் சுள்ளியாக ஒடித்து அடுப்பில் வைக்கிற விராலியை விருந்தாளி கழுத்தில் போட்டு, பூவரசு மரத்தைக் குடைந்து அதில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். பச்சையம்மா திரும்பிப் பார்த்தாள்.

மணிவண்ணனை நாற்றங்காலுக்கு அழைத்துப்போய் மூன்றையும் காட்டினேன். பேர் தெரியாத பலகாரத்தை மெனுவில் பார்த்துக் கேட்டு, தட்டில் உப்புமா வந்து நின்றால் ஒரு முகம் போகுமே, அந்த முகம். வெறும் அடம்பா என்று போனையும் கொடியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு வியாபாரி விழித்துக்கொண்டார்.

“சரி மேடம், செடி இங்கத்ததாவே இருக்கட்டும். பேரு மட்டும் ஹவாய்ப் பேரா போட்டுக் குடுத்துடுங்க.”

சுத்தமான மணல்

குட்டி யானை வண்டியில் கன்றுகளை ஏற்றிக்கொண்டு நானும் பச்சையம்மாவும் பொம்மையார்பாளையம் போனோம். அந்தக் கரையை எனக்குத் தெரியும். கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவில் ஆளுயர மணல்மேடு. மேடு முழுக்க அடம்பும் இராவணன் மீசைப் புல்லும். அன்று மேடு இல்லை. ஜேசிபி தன் வேலையை முடித்துவிட்டு ஓரமாக நின்றது. மாடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குக் கடல் தெரிய வேண்டும் என்று மேட்டைத் தட்டிவிட்டார்கள். பிடுங்கிய கொடியெல்லாம் ஓரத்தில் குவியல். காலையில் விரிந்த பூ இன்னும் வாடவில்லை.

குவியலில் ஒரு பெண் கையைவிட்டுக் கொடிகளை இழுத்துக்கொண்டிருந்தாள். பெயர் அஞ்சலை. கருவாடு விற்கிறவள், புருஷன் இல்லை. கெஸ்ட் ஹவுஸ் மதிலை ஒட்டி வடக்கே அவள் வீடு: ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. மேடு அவள் வீட்டுக்கு முன்னாலும் ஓடியிருந்தது. அதையும் சேர்த்தே தட்டிவிட்டார்கள், பாதி மேடு பாதி சமம் என்றால் பார்க்க அசிங்கமாக இருக்குமாம். உனக்கும் கருவாடு காயவைக்க நல்ல தரை கிடைத்தது என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். முன்பெல்லாம் வீட்டுக்குள் கடலின் சத்தம் மட்டும்தான் வரும், இப்போது அடுப்படியில் உட்கார்ந்தால் கடலே கண்ணுக்கு நேராக இருக்கிறது என்றாள். ஐப்பசி பிறக்கப்போகிறது, மழைக்கு முன்னால் இந்தக் கொடியை மறுபடி நட்டால் பிடித்துக்கொள்ளுமா என்று என்னைக் கேட்டாள். அவள் கேட்டது செடியைப் பற்றி இல்லை, வீட்டைப் பற்றி.

மணிவண்ணனைத் தேடிப் பிடித்தேன். எந்தக் கொடியை நான் வண்டியில் கொண்டுவந்திருக்கிறேனோ அதே கொடியைத்தான் நீங்கள் பிடுங்கிப் போட்டிருக்கிறீர்கள் என்று கத்தினேன். கத்தினேன் என்றுதான் எழுத வேண்டும். கொத்தனார்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் பொறுமையாக, ஜவுளிக்கடையில் புடவை பிடிக்காமல் சண்டை போடும் கிழவியிடம் பேசுவது போலப் பேசினார்.

“அது காட்டுக்கொடி மேடம். அத எடுத்தாத்தான உங்க ஹவாய்க்கொடி வைக்க எடம் கெடைக்கும்?”

யாருக்குப் பொது

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருப்பேன். அஞ்சலை வீட்டுக்காகத்தான் இறக்கினேன். தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அடம்பை நடுவது சுலபம், காப்பதுதான் பாடு. நீளக் கொடியைக் கணுக்களோடு வெட்டி, மணலில் படுக்கவைத்து, பாதியை மூடி, நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். கணுவுக்குக் கணு வேர் விடும். அப்புறம் காற்று கொண்டுவருகிற மணலைக் கொடியே பிடித்துப் பிடித்து மேடாக்கிக்கொள்ளும். ஆனால் வேர் பிடிக்கிறவரை ஒரு கால்கூட அதன்மேல் படக்கூடாது. மழைக்குள் முழு மேடு வராது என்று எனக்குத் தெரியும். முதல் அலையின் வேகத்தைக் குறைக்கிற அளவுக்காவது வரும் என்று நம்பினேன். அஞ்சலையும் பச்சையம்மாவும் நானும் அவள் வீட்டு முன்னால் குனிந்த முதுகு நிமிராமல் நட்டோம். அவள் தூரத்துக் குழாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள்.

மீதியை கெஸ்ட் ஹவுஸ் பக்கம் நட்டோமே, அது ஒரு வாரம்கூட மணலில் இல்லை. சென்னையிலிருந்து வந்த அலங்காரக்காரப் பெண், விருந்தாளிகள் காலில் கொடி சிக்கும் என்று சொல்லி, எல்லாவற்றையும் பெயர்த்து சிமெண்ட் தொட்டிகளில் வைத்துவிட்டாள். வெளியே காலியான மணலில் வாலிபால் வலை கட்டினார்கள். வலையின் ஒரு பக்கம் அஞ்சலை நட்ட இடத்துக்குள் இருந்தது. விடுமுறைக்கு வந்தவர்கள் பந்தை எடுக்க ஓடி ஓடி, விட்ட தளிரையெல்லாம் மிதித்துத் துவைத்தார்கள். அவள் வேலிக்காத்தான் முள்ளை வெட்டி வந்து சுற்றிலும் போட்டாள். யார் காலிலாவது குத்திவிடும் என்று வாட்ச்மேன் அள்ளி எறிந்தான். மறுபடி போட்டாள், மறுபடி எறிந்தான். பஞ்சாயத்தில் போய் முறையிட்டாள். கடற்கரை எல்லாருக்கும் பொது, அதில் நீ முள் போட முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதைச் சொல்லத்தான் பஸ் பிடித்து என் நர்சரிக்கு வந்தாள். ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் நின்றாள்.

“பொதுன்றாங்கம்மா. அவன் பந்து ஆடறதுக்குப் பொது. என் வூடு நிக்கறதுக்கு மட்டும் பொது இல்லியா?”

தாங்காத செடி

கார்த்திகையில் புயல் வந்தது. அதற்குள் மணிவண்ணன் தன் மதிலுக்கு முன்னால் லாரி லாரியாகக் கருங்கல் கொட்டியிருந்தார். கல் அலையை நிறுத்தியது. நிறுத்திய அலை எங்கேயாவது போக வேண்டுமே. கல் முடிகிற இடத்தில் திரும்பியது. கல் முடிகிற இடம் அஞ்சலை வீடு. விடிகிற நேரத்தில் முதலில் சமையல்கட்டுச் சுவர் சரிந்தது என்றாள். கருவாட்டுக் கூடையையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு அவள் சாலைக்கு வருவதற்குள் மீதியும் உட்கார்ந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை என்று அதிகாரிகள் திருப்தியாகச் சொன்னார்கள்.

தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தேன். வீடு இருந்த இடத்தில் சாய்வாக ஈர மணல். ஒரே ஒரு மூலையில், வாலிபால் வலைக்கு எட்டாத இடத்தில், நாங்கள் நட்டதில் கொஞ்சம் பிழைத்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் ஒரு கட்டில் அகலத்துக்கு மணல் போகாமல் நின்றது, மேலே அடம்பு போர்த்திக்கொண்டு. ஒரு கட்டில் அகலம். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை. யார் மேலாவது அந்தக் கருங்கல்லில் ஒன்றைத் தூக்கிப் போடலாம் போலிருந்தது. இந்த வயதில் அப்படித் தோன்றியதற்காக நான் வெட்கப்படவும் இல்லை.

நர்சரிக்குத் திரும்பி முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மணிவண்ணன் போன் செய்தார். தொட்டிச் செடிகள் எல்லாம் மழைத் தண்ணீர் தேங்கி அழுகிவிட்டனவாம். உங்கள் செடி புயலுக்குத் தாங்கவில்லையே மேடம், ஒரிஜினல் ஹவாய் ரகமாக வேறு ஏதாவது வருமா என்று கேட்டார். அஞ்சலை வீட்டைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான் சொன்னேன், வீடு போய்விட்டது என்று. ஆமாம் மேடம், ரொம்பப் பாவம், எங்கள் மதில் தப்பித்ததே பெரிய விஷயம் என்றார். நாற்றங்காலில் நின்றுகொண்டிருந்த பச்சையம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். அவள் மண் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். குரலை உயர்த்தவே இல்லை.

“கொடியத் தொட்டியில வச்சீங்களே, அந்தம்மா வூட்டயும் ஒரு தொட்டியில வச்சிருக்கலாம்யா. தூக்கிக்கினு ஓடியிருப்பா.”

போனைத் திருப்பி என்னிடம் நீட்டினாள். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

நாட்டுச் செடி இல்லாத இடத்தில் அதை எப்படியோ விற்றுவிடலாம், இருக்கிற இடத்தில் அதை இருக்கவிடுங்கள் என்பதைத்தான் இன்றுவரை ஒருவரிடமும் விற்க முடியவில்லை. அஞ்சலை இப்போது வளவனூரில் தங்கை வீட்டுப் பின்கட்டில் இருக்கிறாள், கரும்பு வெட்டப் போகிறாள்.